ரோனிங் படி

அயோவா மாநிலத்தின் நார்டால் என்னும் சிற்றூரில் ஹால்வர் ரோனிங் கட்டிய வீடுகள் நாற்பத்தொன்று உண்டு. அந்த நாற்பத்தொன்றிலும் மாடிப் படிக்கட்டின் கடைசிப் படி மட்டும் மற்றப் படிகளில் பாதி உயரமே இருக்கும். ஊரார் அதற்கு ரோனிங் படி என்று பெயர் வைத்திருந்தார்கள். துணிக்கூடையைச் சுமந்துகொண்டு இறங்கி வருகிறவர், இன்னும் ஒரு முழுப் படி பாக்கி இருப்பதாக நம்பிக் காலை நீட்டுவார். தரை எதிர்பார்த்ததற்கு முன்பே வந்து உள்ளங்காலில் மோதும். பல் கிட்டிக்கும். முதுகெலும்பு தான் ஒன்று இருப்பதை நினைவூட்டும்.

வங்கியில் பணிபுரிந்து பின்னாளில் ஓய்வுபெற்ற லெஸ்டர் குவாம், 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் வீட்டின் ரோனிங் படியில் கணுக்காலை முறித்துக்கொண்டார். தேவாலயத்தில் விசாரித்தவர்களிடம் பனியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். ஹால்வர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்ததே காரணம். ஜூன் மாதத்தில் பனி எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறர் மனம் நோகும்படி ஒன்றைச் சொல்வதைவிட, எலும்பு முறிவதை மேலாகக் கருதும் ஊர் அது.

இந்தப் படிகளுக்கெல்லாம் முன்மாதிரி, ஹால்வரும் அவருடைய தங்கை ஆர்டிஸும் பிறந்து வளர்ந்த வீட்டில் இருந்தது. அவர்களுடைய தந்தை நெல்ஸ் ரோனிங் நார்வேயிலிருந்து வந்து இரண்டே ஆண்டுகளில், 1921இல், தம் கையால் கட்டிய வீடு. கடைசிப் படி ஏன் குட்டையாக இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டபோது, கீழே வருகிற மனிதன் கடைசியில் மெதுவாக வரவேண்டும் என்று அவர் சொன்னாராம். தந்தையைத் தவிர வேறு ஆசான் இல்லாத ஹால்வர், தச்சரானதும் அந்தப் படியைத் தம் தொழிலின் முத்திரையாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய வண்டியின் கதவில் ‘ரோனிங், 1921 முதல்’ என்று எழுதியிருக்கும். அவர் பிறந்தது 1928இல்.

ஆர்டிஸின் பங்கும் குறைந்ததன்று. பள்ளி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய அவர், ஒவ்வொரு மே மாதமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்று நிலவறை உத்தரங்களைக் காட்டுவார். ஒவ்வொரு மரத்திலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் குத்தப்பட்டிருக்கும். மரத்தை வெட்டியது முதல் பொருத்தியது வரை ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட்டுக் காத்த மனிதர் தம் தந்தை என்பார். முதலாண்டு ஆற்றோரத்தில் கருவாலி மரங்களை வெட்டியதாகத்தான் சொன்னார். நாளடைவில் கதையில் ஒரு கோடரி வந்து சேர்ந்தது. பிறகு ஒரு புயல். கடைசியாக ஓர் ஓநாயும் வந்தது. ஓநாய் வந்தது தம்மாலேயே என்பதை ஆர்டிஸ் அறிவார். மற்றதெல்லாம் தந்தையே சொன்னது என்று அவர் மனமார நம்பினார்.

1994ஆம் ஆண்டு ஊருக்கு நூற்றிருபத்தைந்தாம் விழா. அதையொட்டி நெல்ஸின் வீட்டு வாசலில் வெண்கலப் பலகை ஒன்று நாட்ட முடிவாயிற்று. ‘நெல்ஸ் ரோனிங் தாமே வரைந்து, தம் கைகளால் கட்டிய இல்லம்’ என்று அதில் வார்த்தாகிவிட்டது. சனிக்கிழமை திறப்பு விழா. மனைவி இறந்தபின் ஹால்வர் மட்டும் தனியாக வாழ்ந்துவந்த அந்த வீட்டுக்கு, செவ்வாய்க்கிழமை மதியம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆர்டிஸ் சென்றிருந்தார். ஹால்வர் மரக்கடைக்குப் போயிருந்தார்.

அப்போது வாசலில் ஒரு நீளமான கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய அம்மையார், தம் பெயர் வினிபிரெட் ஸ்லோன் என்றும் மிச்சிகனிலிருந்து வருவதாகவும் கூறி, தொந்தரவுக்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். நிலவறையைப் பார்க்கலாமா என்றார். பெருமையைக் காட்ட ஒரு வாய்ப்பு வலிய வந்ததாக எண்ணி ஆர்டிஸ் அவரை அழைத்துச் சென்றார். ஓநாய் வரை கதை முழுவதையும் சொன்னார். வினிபிரெட் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கைவிளக்கின் ஒளியை உத்தரத்தில் பாய்ச்சி, எண்ணை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

"எனக்கு இது அறுநூத்திப் பதினொண்ணாவது வீடுங்க" என்றார்.

"எது அறுநூத்திப் பதினொண்ணு?"

வினிபிரெட் காருக்குப் போய் தடித்த கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். சிகாகோவில் இருந்த ஒரு தபால் வணிகக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியல் அதில் இருந்தது. அதே பட்டியலில் முன்பக்கம் சட்டையும் சோளம் உதிர்க்கும் இயந்திரமும்; பின்பக்கம் வீடுகள். கடிதம் போட்டால் வீடு முழுவதையும் அறுத்து, எண்ணிட்டு, ஆணியும் வண்ணமும் சேர்த்து ரயிலில் அனுப்பிவிடுவார்களாம். ‘பெல்மார்’ என்று பெயரிட்ட பக்கத்தை அவர் திறந்து காட்டினார். தூண்கள் இரண்டு, கூரையில் முக்கோண ஜன்னல் ஒன்று, சமையலறைச் சுவரில் மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை. தாம் பிறந்த அறையின் ஜன்னலை ஆர்டிஸ் அந்தப் படத்தில் கண்டார். படத்தின் அடியில், சுத்தியல் பிடிக்கத் தெரிந்த எவரும் கட்டலாம் என்று அச்சிட்டிருந்தது.

ஆர்டிஸ் பட்டியலை மெதுவாக மூடினார். பிறகு, வளர்ப்புக்கு ஏற்ப, காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

வினிபிரெட் இரண்டு கோப்பை குடித்தார். தபாலில் வந்த வீடுகளைத் தேடித் தேடித் தாம் தொகுத்த பட்டியல் இலையுதிர் காலத்தில் அச்சாகும் என்றும், ரோனிங் குடும்பத்துக்குச் சங்கடமானால் ஊர்ப் பெயரை மட்டும் போடலாம் என்றும் அன்போடு சொன்னார். ஆனால் நார்டாலில் கூரையில் முக்கோண ஜன்னல் உள்ள வீடு அது ஒன்றுதான்; ஊர்ப் பெயரே போதும். விடைபெறும்போது, பெல்மார் வீட்டைப் பொருத்தும் முறையை விளக்கும் கையேட்டின் நகலையும் விலைப்பட்டியலின் அந்தப் பக்கத்தின் நகலையும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆர்டிஸ் தம் வீட்டுக்கு வந்து கையேட்டை முதலிலிருந்து படித்தார். அவருக்குத் தந்தையைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. நெல்ஸ் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கவலையெல்லாம் அண்ணனைப் பற்றித்தான். ஹால்வருக்கு ஊரில் இருந்த ஒரே செல்வம், நெல்ஸின் கை தம் கையில் இறங்கியிருக்கிறது என்ற நம்பிக்கை. வீடு தபாலில் வந்தது என்பதை அச்சில் படித்து அவர் தெரிந்துகொள்வதைவிட, தங்கை வாயால் கேட்பது மேல் என்று முடிவு செய்யும் நேரத்தில் ஆர்டிஸ் முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்திருந்தார். அங்கே, கட்டத்துக்குள், கறுத்த பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: ‘எஸ் 9 எனக் குறியிட்ட, படிகளைத் தாங்கும் பக்கச் சட்டங்கள் நிலவறைப் படிக்கட்டுக்கு உரியவை. அவற்றின் கடைசிப் படி குட்டையானது. எக்காரணம் கொண்டும் இவற்றை மாடிப் படிக்கட்டில் பொருத்தக் கூடாது.’

ஆர்டிஸ் கையேட்டை மூடிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

புதன்கிழமை ரூபார்ப் தண்டு வைத்துப் பலகாரம் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். மழையைப் பற்றிப் பேசினார்கள். சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டதா என்று பேசினார்கள். பாதிரியாரின் முழங்காலைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது ஹால்வர், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் வந்துவிட்டார். வியாழக்கிழமை உருளைக்கிழங்கு கேசரோல் எடுத்துச் சென்றார். அதற்கும் அதே கதி. மூன்றாவது பண்டம் செய்யத் தெம்பில்லாமல், விழாக் குழுவின் தலைவரான லெஸ்டரிடம் போனார். பலகையில் இரண்டு சொற்களையாவது மாற்ற முடியுமா என்று கேட்பது அவர் எண்ணம்.

விஷயத்தைக் கேட்டும் லெஸ்டரின் முகம் மாறவில்லை. வார்த்த வெண்கலத்தை மாற்ற இயலாது. ஆனால் ‘தாமே வரைந்து’ என்ற வரி மேலே இருப்பதால், பலகைக்கு முன்னால் ஓர் அடர்த்தியான ஹைட்ராஞ்சியாச் செடியை நட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். ஒருவர் மனமும் நோகாது. மேல் வரியை மறைக்கும் செடி கீழ் வரியையும் மறைக்குமே என்று ஆர்டிஸ் தயங்கியபடி சுட்டிக்காட்டினார். லெஸ்டர் அதையும் ஒப்புக்கொண்டார். பிறகுதான் முப்பத்தோராம் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தார்.

"அப்போ அந்தப் படி... வேணும்னே வச்சது இல்லையா?"

"தப்பா வச்சதுங்க."

லெஸ்டர் மேசைக்கு அடியில் குனிந்து தம் இடது கணுக்காலைத் தடவினார். "இருபத்திமூணு வருஷமா, நாமதான் படியிறங்கத் தெரியாத ஆளுன்னு நெனச்சிட்டு இருந்தேன் ஆர்டிஸ். என் சம்சாரம்கூட அப்படித்தான் சொல்லும்."

"நீங்க ஹால்வர் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? அவரு என் கால் சரியாகிற வரைக்கும் தினமும் வந்து பனி தள்ளிவிட்டாரே."

"ஜூன் மாசத்துலயா?"

"புல்லு வெட்டினாரு" என்று லெஸ்டர் திருத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் வெறுங்கையோடு போனார். அதைக் கண்டதுமே ஹால்வர் ஏதோ கெட்ட செய்தி என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆர்டிஸ் விலைப்பட்டியல் பக்கத்தை முதலிலும் கையேட்டை இரண்டாவதாகவும் அவர் முன்னால் வைத்தார். பிறகு ஏற்கனவே கழுவிய கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவத் தொடங்கினார். முதுகுக்குப் பின்னால் தாள் புரளும் ஓசை கேட்டது. அது முப்பத்தோராம் பக்கத்தில் நின்றது. நாற்காலி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது சமையலறையில் யாரும் இல்லை.

மாடிப் படிக்கட்டுக்கு அடியில், துடைப்பமும் குளிர்காலக் காலணிகளும் போட்டு வைக்கும் சிறு அறையிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அறுபத்தாறு வயதில் ஹால்வர் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்திருந்தார்.

ஆர்டிஸ் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எஸ் ஒம்பது."

"தெரியும்ண்ணா."

"ரெண்டு பக்கமும் போட்டிருக்கு. நல்லாத் தெளிவா."

"அண்ணா, வெளியில வாங்க. தூசி."

வெளியே வரவில்லை. ஆர்டிஸ் அவருடைய காலணிகளைப் பார்த்துப் பேச வேண்டியதாயிற்று. கருவாலி மரமும் கோடரியும் தாம் சேர்த்த கதையாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஓநாய் நிச்சயமாகத் தம்முடையதுதான் என்றார். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டதால் நிறுத்த மனம் வரவில்லை என்றார். காலணிகள் அசையவில்லை.

"நாப்பத்தொண்ணு" என்றது குரல்.

"என்ன?"

"நாப்பத்தொரு வீட்டுல வச்சிருக்கேன். அளவெடுத்து, மட்டம் பார்த்து, வேலை மெனக்கெட்டு ஒவ்வொண்ணையும் தப்பாப் பண்ணியிருக்கேன். சும்மா விட்டிருந்தா சரியா வந்திருக்கும்."

 அண்ணன் அழுகிறாரா என்று ஆர்டிஸ் செவியைத் தீட்டிக் கேட்டார். உள்ளே கைவிளக்கின் சுவிட்ச் மட்டும் இரண்டு முறை சொடுக்கிற்று.

"இதுல எத்தனை துண்டுன்னு போட்டிருக்கான், பார்த்தியா?"

"பன்னெண்டாயிரம்னு அட்டையில இருக்கு."

"ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் இங்கிலீஷ்ல."

"ஆமா."

"அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது ஆர்டிஸ். நான் ஒண்ணாங்கிளாஸ் போறப்போ என் புத்தகத்தை வச்சுத்தான் எங்கூட உக்காந்து கத்துக்கிட்டாரு. இந்தச் சமையலறை மேசையில. ‘பூனை ஓடியது’ன்னு விரல் வச்சுப் படிப்பாரு. அது முப்பத்தினாலு. வீடு கட்டினது இருபத்தொண்ணு."

 பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்கிற மனிதர் அல்லர் நெல்ஸ். படத்தைப் பார்த்தும் மரத்தைத் தட்டிப் பார்த்துமே கட்டியிருக்கிறார். பின்னாளில் படிக்கத் தெரிந்துகொண்டபோது அவர் முப்பத்தோராம் பக்கத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார் என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது. அதற்குள் பிள்ளைகள் அந்தப் படியைப் பற்றிப் பள்ளியில் பெருமை பேசத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

ஹால்வர் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். நாளைக்குத் தாம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று லெஸ்டரிடம் சொல்லும்படி கேட்டார். தேவாலயக் கூட்டத்தில் தம் பெயரைக்கூட எழுந்து சொல்லாதவர் அவர்.

சனிக்கிழமை வாசலில் நூறு மடக்கு நாற்காலி போட்டிருந்தது. பலகைமேல் ஒரு மேசைவிரிப்பு. வினிபிரெட் ஸ்லோன் கடைசி வரிசையில், யாருக்கும் தொந்தரவில்லாதபடி, ஒரு மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஹால்வர் எழுந்தார். கையில் தாள் இல்லை.

"அப்பா இந்த வீட்டைத் தபால்ல வாங்கினாரு" என்றார். "சிகாகோவுலேர்ந்து. ரயில்ல வந்துச்சு. வரைஞ்சது அவரு இல்ல. கட்டினது அவரு. அப்ப அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை படிக்கத் தெரியாது. பன்னெண்டாயிரம் துண்டுல ஒரே இடத்துல தப்பு வந்திருக்கு. அந்த ஒண்ணைத்தான் நான் பார்த்து எழுதினேன். நாப்பத்தொரு தடவை."

 முன் வரிசையில் இருந்த இரண்டு மிக முதிய மனிதர்கள் மட்டும், மழை வரும் என்று யாரோ சொன்னதுபோல் தலையசைத்தார்கள். ரயிலிலிருந்து மரத்தை இறக்கி வைத்தவர்களே அவர்கள்தாம். நெல்ஸ் பேசாத விஷயத்தைத் தாங்கள் பேசுவது முறையாகாது என்று எழுபத்துமூன்று ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டார்கள்.

"படி மாத்தணும்ங்கறவங்க பேரு எழுதுங்க. காசு வேண்டாம். திங்கக்கிழமை ஆரம்பிக்கிறேன்."

அவர் ஒரு தாளையும் பேனாவையும் முதல் வரிசையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். தாள் கைமாறிக் கைமாறிச் சென்றது. ஒவ்வொருவரும் அதை மரியாதையோடு வாங்கி, சற்று நேரம் வைத்திருந்து, மரியாதையோடு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் படிக்கு என்ன குறை, பழகிவிட்டது, அது இல்லாவிட்டால்தான் வீடு வீடு மாதிரி இருக்காது என்று ஆங்காங்கே மெல்லிய குரல்கள் எழுந்தன. மருத்துவர் வீட்டு அம்மாள், பிள்ளைகளுக்கு அது நல்ல உடற்பயிற்சி என்றார். லெஸ்டர் தாளைத் தம் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்.

கடைசியாக அது ஆர்டிஸிடம் வந்தபோது வெள்ளைத் தாளாகவே இருந்தது. பலகையருகில் ஹால்வர் தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். இந்த ஊர் தம்மிடம் காட்டுவது அன்புதான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அன்பு தம் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்பதும் அவர் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆர்டிஸின் வீடு, 1962இல் திருமணப் பரிசாக அண்ணன் கட்டித் தந்தது. அதன் கடைசிப் படியில் ஆர்டிஸ் ஒரு பல்லையும், ஒரு கோழி வறுவலையும், விருந்துக்கு வைத்திருந்த ஆறு கண்ணாடிக் குவளைகளையும் இழந்திருக்கிறார். பல் போனதற்கு வால்நட் கொட்டையைக் காரணம் சொல்லியிருந்தார்.

அவர் தம் பெயரை எழுதினார். எழுத்து சற்றுப் பெரிதாகவே வந்தது. எழுந்து போய்த் தாளை அண்ணனிடம் கொடுத்தார்.

ஹால்வர் அந்த ஒற்றைப் பெயரை வாசித்தார்.

"நீயுமா?"

"முப்பத்திரெண்டு வருஷமாண்ணா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"கல்யாணத்துக்குக் குடுத்தது. எப்படிச் சொல்றது?"

"அந்த வால்நட்டு?"

"அதுவும் படிதான்."

ஹால்வர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல் முறையாக அவர் முதுகு நிமிர்ந்தது. மேசைவிரிப்பை இழுத்துப் பலகையைத் திறந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மேல் வரியை யாரும் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ‘தாமே’ என்பது கம்பெனியைக் குறிப்பதாக வைத்துக்கொண்டாலும் தவறில்லை என்று பாதிரியார் பொதுவாகச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஹால்வர் ஆர்டிஸின் வீட்டில் படிக்கட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். பத்து மணி அளவில் லெஸ்டர் வந்தார். இந்தப் பக்கமாக நடந்து போனதாகவும், சத்தம் கேட்டதாகவும், சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். அவர் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. ஆர்டிஸ் காப்பி கொடுத்தார். லெஸ்டர் மழையைப் பற்றிப் பேசினார். சோளத்தைப் பற்றிப் பேசினார். ஹால்வர் உளியை வைத்துவிட்டுக் காத்திருந்தார். மூன்றாவது கோப்பையில் லெஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க வீட்டுப் படி... மோசம்னு சொல்லமாட்டேன் ஹால்வர்."

"சரி."

"வருத்தமும் ஒண்ணும் கிடையாது."

"சரி. எப்ப வரட்டும்?"

"அவசரமே இல்லைங்க. உங்க சௌகரியம்" என்றார் லெஸ்டர். கோப்பையைத் தட்டில் மெதுவாக வைத்தார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு முடியலேன்னா, ஆறரைக்குக்கூட நான் முழிச்சிருப்பேன்."